நான்காவது பாட்டின் டிரம்ஸ்

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவற்றை முதல் தாளில் தனியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது முப்பத்தெட்டு. மேற்படி விலாசத்தில் கீழ்த் தளத்தில் நானும் என் தாயாரும், மாடி அறையில் என் தம்பியுமாகப் பதினொரு வருடங்களாகக் குடியிருந்து வருகிறோம். நான் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்கட்டில் லென்ஸ் தேய்த்து, பிரேமின் அளவுக்கு வெட்டிப் பொருத்தும் வேலை செய்து வருகிறேன். தம்பிக்கு வயது முப்பத்திரண்டு. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கிறான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இன்று காலை பத்தே காலுக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் தம்பி ஒன்பது வருடங்களாக 'ஏழேகால்' என்ற இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்து வருகிறான். அவர்கள் வாசிப்பது புரோக்ரசிவ் மெட்டல் என்று சொல்லப்படுகிற வகை. கிட்டார் சத்தம் கனமாக இருக்கும், ஒரு பாட்டு கால் மணி நேரத்துக்குக் குறையாது, தாளம் ஐந்து, ஏழு, பதினொன்று என்று நடுநடுவே மாறும். எனக்கு அந்தக் கணக்குப் பிடிபடவே இரண்டு வருடமானது. அதன் பிறகு குழுவின் ரசிகர் பக்கத்தை இணையத்தில் நானே தொடங்கி நடத்தி வருகிறேன். தற்சமயம் அதில் பதினாலாயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தப் பதிவை விடுவது, எதை நீக்குவது என்பது முழுக்க என் பொறுப்பில் இருந்தது.

சென்ற வருடம் தம்பியின் வலது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி, விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். ஆறு மாதம் குச்சியைத் தொடக் கூடாது என்றார். குழுவின் மூன்றாவது ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு அப்போது ஏற்கனவே தொடங்கியிருந்ததால், அவன் மற்றப் பாட்டுகளை வலியோடு எப்படியோ வாசித்து முடித்தான். நான்காவது பாட்டு பத்தொன்பது நிமிடம். அதை வாசிக்க மூன்று நாள் முயன்று, மூன்றாம் நாள் குச்சி கையை விட்டுத் தானாக நழுவியதாகச் சொன்னான். அதன் பிறகு குழுவின் கிட்டார்காரர் அந்தப் பாட்டின் டிரம்ஸ் முழுவதையும் கம்ப்யூட்டரில் அமைத்துச் சேர்த்தார். இது அவர்கள் இருவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். குழுவில் மூன்றாமவரான பாடகிக்குக்கூடச் சொல்லவில்லை.

இந்த மாதம் 2ஆம் தேதி ஆல்பம் வெளிவந்தது. அன்று பக்கத்தின் முகப்பில் 'ஒவ்வொரு அடியும் கையால் அடித்தது' என்று எழுதியது நான். அப்படி எழுதும்படி யாரும் என்னிடம் கேட்கவில்லை. தம்பி அன்று சாப்பிடாமல் மாடியிலேயே இருந்ததால் எழுதினேன்.

அதன் பிறகு 6ஆம் தேதி, 'நாலுகாது' என்ற புனைபெயரில் இசை விமர்சனம் எழுதுகிறவர் தன் தளத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதினார். இரண்டு பாட்டுகளை மிகவும் பாராட்டியிருந்தார். நான்காவது பாட்டைப் பற்றி, பத்தொன்பது நிமிடம் அடித்தும் இந்தக் கை களைக்கவில்லை, ஆகவே இது கை இல்லை என்று எழுதியிருந்தார். மெஷினை வைத்து வாசித்தாலும் குற்றமில்லை, சொல்லிவிட்டு வாசியுங்கள் என்று முடித்திருந்தார்.

அன்று மத்தியானத்திலிருந்து எங்கள் பக்கத்தில் சண்டை தொடங்கியது. ரசிகர்கள் ஒரு பக்கம். இதெல்லாம் பாட்டே இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள் என்பவர்கள் மறுபக்கம். பாட்டைப் போட்டுவிட்டு ஒரு வாளித் துணியைத் துவைத்துக் காயப்போட்டேன், இன்னும் முடிந்தபாடில்லை என்று ஒருவர் எழுதினார். ஏழு வரை எண்ணத் தெரியாதவனெல்லாம் விமர்சகனா என்று அவருக்கு முப்பது பேர் பதில் எழுதினார்கள். ஒரு கல்லூரி ஆசிரியர் பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, எட்டாவது நிமிடத்தில் ஒரு அடி மட்டும் லேசாகப் பிந்தி விழுவதைக் கண்டுபிடித்து, இதோ பாருங்கள் மனிதக் கை என்று நான்கு பக்கம் எழுதினார். அந்த ஒரு அடியைப் பிந்தி விழும்படி வைத்தது கிட்டார்காரர் என்பது எனக்குத் தெரியும். நான் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அதன் பிறகு வந்த நாட்களில் கெட்ட வார்த்தை உள்ள பதிவுகளை நீக்கினேன். முதல் நாள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. அவற்றோடு, நாலுகாது மரியாதையாக எழுதிய பதில் ஒன்றையும் நீக்கினேன். மணிக்கட்டைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் செய்தேன். அவர் பேச வந்த இடத்தில் அவர் வாயை அடைத்தவள் நான் என்பதையும் இதில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த மாதம் 11ஆம் தேதி மாலை நாலரை மணிக்கு 'ஒற்றைப்படை' என்ற புதுக் கணக்கிலிருந்து ஒரு பதிவு வந்தது. நாலுகாது என்பவர் காது பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறவர் என்று சொல்லி, அவருடைய சொந்தப் பெயர், நிலையம் இருக்கும் கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்டை விட்டு இறங்கி இடப்பக்கம் இரண்டாவது கதவு, ஒன்றரையிலிருந்து இரண்டு வரை முன்மேசையில் ஆள் இருக்காது என்பது வரை அதில் இருந்தது. நான் கடையில் லென்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்க்க நாற்பது நிமிடமாகிவிட்டது. பார்த்ததும் நீக்கினேன். அதற்குள் பலர் அதைப் படம் எடுத்து வேறு இடங்களில் போட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து அந்த நிலையத்துக்குப் பொய்ப் பெயர்களில் நேரம் பதிவு செய்து, நிஜமாகவே காது கேளாதவர்களுக்கு இடமில்லாமல் செய்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் லிஃப்டை என் தம்பியின் கம்பெனிதான் பராமரிக்கிறது. 11ஆம் தேதியன்று வீட்டுக்குப் போனதும் மாடியில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஒற்றைப்படை என்ற கணக்கு அதில் திறந்தபடியே இருந்தது. லிஃப்டில் ஏறிய விமர்சகரே தன் போனில் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்ததாகவும், அப்படித்தான் ஆளைத் தெரிந்துகொண்டதாகவும் தம்பி ஒத்துக்கொண்டான். "அவன் என் கையப் பத்திப் பேசுறான்கா. எல்லாரும் கேக்குற மாதிரி பேசுறான்" என்றான். அவர் சொன்னது உண்மைதானே என்று கேட்டேன். அதனால்தான் என்று சொன்னான். கணக்கை மூடச் சொன்னேன், மூடினான். அத்தோடு முடிந்தது என்று நினைத்து, அப்போதே காவல் நிலையத்துக்கு வராமல் இருந்துவிட்டேன்.

14ஆம் தேதி மத்தியானம் ஒன்றே முக்கால் மணிக்கு இரண்டு பேர் அந்தப் பரிசோதனை அறைக்குள் போய், விளையாட்டு மைதானத்தில் அடிக்கிற காற்றடைத்த ஹாரனை விமர்சகரின் இடது காதருகே வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அதை அவர்களே படம்பிடித்து எங்கள் பக்கத்தில் போட்டார்கள். நான் அதை நான்கு முறை பார்த்தேன். ஹாரன் அடித்ததும் அவர் ஒரு கையால் தன் காதைப் பொத்திக்கொண்டு குனிகிறார். எதிரே நாற்காலியில் வயதான பெண் ஒருவர், காதில் ஒலியைப் பெருக்கும் கருவி மாட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். விமர்சகர் குனிந்தபடியே இன்னொரு கையை நீட்டி அந்தப் பெண்ணின் கருவியைக் கழற்றுகிறார். அதன் பிறகுதான் தரையில் உட்காருகிறார். படத்துக்குக் கீழே முதல் ஒரு மணி நேரத்தில் எண்ணூறு பேர் சிரித்திருந்தார்கள்.

அதன் பிறகு நான் அந்தப் படத்தைப் பக்கத்தில் யாரும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டு, பிரதி ஒன்றை ஒரு பென் டிரைவில் சேமித்தேன். மறுநாள் கிட்டார்காரர் நான் வேலை செய்யும் கடைக்கே வந்து, வாடிக்கையாளர் போல ஒரு பிரேமைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். மாதக் கடைசியில் கச்சேரி இருப்பதையும், பாடகியின் இத்தனை வருட உழைப்பு இதில் இருப்பதையும் சொன்னார். "ஒரு பட்டனை அழுத்தினா போதும்கா, எல்லாம் போயிடும்" என்றார். அழுத்தினால் விமர்சகரின் காது வந்துவிடுமா என்று கேட்டேன். அவர் பிரேமை வைத்துவிட்டுப் போனார்.

18ஆம் தேதி நான் விமர்சகரின் வீட்டுக்குப் போனேன். நான் யார் என்று வாசலிலேயே சொன்னேன். அவருடைய மனைவி கதவைச் சாத்தப் போனார், அவர் வேண்டாம் என்றார். தன் வலது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னார். இடது காது திரும்பக் கேட்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகவும், இனி மற்றவர்களின் காதைத் தான் சோதிக்க முடியாது என்றும் சொன்னார். நீங்கள் எழுதியது சரி, நான்காவது பாட்டு மெஷின்தான், கையால் அடித்தது என்று எழுதியது நான் என்று சொன்னேன். அவர், "உங்க தம்பி கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டாவது ஆல்பத்தில் வலது கை ஒரு மயிரிழை பிந்தி வருவதைத் தான் கவனித்ததாகவும், அதை வலி என்று நினைக்கவில்லை, அழகு என்று நினைத்ததாகவும் சொன்னார். "பிடிக்காமலா முப்பது தடவ கேட்டேன்?" என்றார். ஒற்றைப்படை யார் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டு, காவல் நிலையத்திலும் சொல்லப் போகிறேன் என்று சொல்லி வந்தேன். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை.

அன்றே தாயாரையும் தம்பியையும் உட்காரவைத்துச் சொன்னேன். தாயார், "அவன் யாரையும் தொடலயேடி. எவனோ பண்ணதுக்கு உன் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்துவியா?" என்று கேட்டார். கதவு வரை வழிகாட்டியது இவன்தான் என்றேன். அதற்குப் பிறகு தாயார் என்னோடு பேசவில்லை. தம்பி தனக்கு வேலை போய்விடும் என்றான். போகும் என்றேன். ஒரு வாரம் தருகிறேன், நீயே போய்ச் சொல், இல்லாவிட்டால் நான் போவேன் என்று சொன்னேன். அந்த வாரம் நேற்றோடு முடிந்தது. நேற்றுவரை தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவான், தெருமுனையில் கம்பெனி வண்டி வந்ததும் ஏறிப் போய்விடுவான்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ரசிகர் பக்கத்தில், நான்காவது பாட்டின் டிரம்ஸ் மெஷின் வாசித்தது, விமர்சகர் எழுதியது உண்மை, நான் எழுதியது பொய் என்று என் சொந்தப் பெயரில் எழுதினேன். கச்சேரியை நிறுத்திவிட்டதாகப் பாடகி எனக்குச் செய்தி அனுப்பினார். நான் செருப்பு மாட்டும்போது தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒற்றைப்படை கணக்கில் விலாசத்தைப் போட்ட போனை என்னிடம் கொடுத்தான். "இதையும் குடுத்துடுக்கா. நான் எதையும் அழிக்கல" என்றான். நீயும் வா என்றேன். உடனே வரவில்லை. நான் பேருந்தில் ஏறிய பிறகு ஓடிவந்து பின்பக்கமாக ஏறினான். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தனக்குத் தெரிந்ததைத் தானே சொல்வான்.

பென் டிரைவ் ஒன்று, போன் ஒன்று, ஹாரன் அடித்த இருவர் எங்கள் பக்கத்தில் பயன்படுத்திய பெயர்கள், அவர்கள் எழுதியவற்றின் பிரதி எழுபத்தாறு தாள் ஆகியவற்றை ஒப்படைத்திருக்கிறேன். பொய் எழுதியதற்கும், தெரிந்தும் தாமதித்ததற்கும் என் மீது நடவடிக்கை வந்தால் அதற்கு உடன்படுகிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். விலாசம் வெளியான விஷயத்தை 'தம்பி விளைவு அறியாமல் செய்துவிட்டான்' என்று எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே, பின்னால் அவனுக்கு உதவும் என்றார். அடிக்கச் சொன்னேன். முன்மேசையில் ஆளில்லாத நேரம்வரை எழுதிப் போட்டவன் அறியாமல் செய்ததாக நான் சொல்ல முடியாது. அந்த வரி அடிக்கப்பட்டு, 'தெரிந்தே செய்தான்' என்று மேலே எழுதப்பட்டது. திருத்திய இடத்தில் நான் சுருக்கொப்பமிட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னது சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)