எனக்கு மட்டும்

கம்ப்யூட்டர் கேட்கிற கேள்விகளை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் சொல்கிற ஒரே ஆள் இந்தக் காஞ்சிபுரத்தில் நான்தான். மற்றவர்கள் தேர்வடம் பிடித்தவர்கள் மாதிரி ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று இழுத்துக்கொண்டே போவார்கள். தேர் எந்தச் சந்தில் முட்டியது என்பது கடைசியில்தான் தெரியும். ஆகவே, விசாரிக்க வந்திருக்கிற நீங்கள் ‘தெரியாமல் அமுக்கிவிட்டீர்களா’ என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஏனாத்தூர் ஆதிகேசவன் எதையும் தெரியாமல் அமுக்குவதில்லை.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நம் நெசவாளர் சங்கத்துக் கம்ப்யூட்டரைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு அட்மின் என்று பெயர். கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் அந்தச் சுகம் புரியும். நான் தும்மினால் ஓரிக்கை வரை தறி நின்றுவிடும்.

போன சனிக்கிழமை, புடவை டிசைன் வரைகிற மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. இன்ஸ்டாலரைத் திறந்தேன். ‘எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?’ என்றது. ‘எனக்கு மட்டும்’ என்றேன். எல்லாருக்கும் என்று விட்டால் ஆளாளுக்குக் கைவைப்பார்கள். ‘உரிமையாளர் யார்?’ என்றது. என் பெயரை எழுதினேன். அடுத்து, பழைய பதிப்பிலிருந்து யார் யாருடைய டிசைன்களைப் புதியதற்கு மாற்றுவது என்று பெயர்களைக் காட்டியது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு டிக்.

தறியில் பாவு நூல் தீர்ந்தால், பழைய பாவின் முனையோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்த பிறகுதான் பழையதை விடுவார்கள். நானும் அந்தப் பொறுப்போடுதான் செய்தேன். ஷாரோன் பெயரில் இருந்த டிக்கை மட்டும் எடுத்துவிட்டேன். சும்மாதான். வந்து கேட்கட்டும் என்று.

ஷாரோன் எங்கள் ஊர்ப் பெண். சங்கத்தில் டிசைன் வரைகிறாள். புடவைக் கரையில் அவள் போட்ட யாளியைப் பார்த்துவிட்டு, கோயில் தூணில் இருக்கிற யாளி வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாகக் கேள்வி. அவள் தாத்தா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். எனக்கு ஜாதியெல்லாம் கிடையாது. அவள் கொடுத்த டீயைக் குடித்திருக்கிறேன். பேப்பர் கப்தான், ஆனால் அதை நான்தான் வாங்கி வைத்தேன்.

திங்கட்கிழமை அவளுக்குப் பெங்களூரில் ஒரு பெரிய ஜவுளி நிறுவனத்தில் நேர்காணல். தான் வரைந்ததையெல்லாம் காட்டினால்தான் வேலை. வரைந்ததெல்லாம் இந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. பென்டிரைவில் எதையும் வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நான்தான். பாதுகாப்பு முக்கியம்.

சனிக்கிழமை மத்தியானமே வந்தாள்.

“அங்கிள், என் ஃபோல்டரு தொறக்க மாட்டேங்குது. அனுமதி மறுக்கப்பட்டதுன்னு வந்துக்கினே இருக்குது.”

“எல்லாம் பத்திரமா இருக்குதும்மா. குளத்துக்குள்ள வச்சிருக்கறேன்.”

“அத்தி வரதரா அங்கிள்? நாப்பது வருஷம் கழிச்சிதான் வெளிய வருவாரா? எனக்குத் திங்கக்கிழம வேணுமே.” சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல பெண்.

“எங்கப்பாவ உங்க தாத்தா என்னான்னு கூப்பிடுவாரு, தெரியுமாம்மா?” என்றேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

சிரிப்பு நின்றது. “தெரியும். ‘ஆண்டே’ன்னு. தாத்தாவே சொல்லியிருக்காரு. அதான் நான் அங்கிள்னு கூப்பிடறேன்.” பிறகு, “அத்த கொஞ்சம் தொறந்து வுடுங்க அங்கிள். நான் டீ வாங்கியாந்துடறேன்” என்று படியிறங்கிப் போனாள்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னை ‘ஆண்டே’ என்று கூப்பிடச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. அதெல்லாம் பழைய காலம். ‘ஐயா’ என்றிருந்தால் போதும். அந்த ஒரு சொல்லுக்கு நான் டிக் போட்டிருப்பேன், பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்து, பெங்களூர் பஸ் வரை கூடவே போய்க் கையசைத்துவிட்டு வந்திருப்பேன்.

இன்ஸ்டாலரின் கடைசிக் கேள்வியை அதுவரை பதில் சொல்லாமல் நிறுத்தி வைத்திருந்தேன். ‘பழைய தரவுகளை நீக்கவா? நீக்கியபின் மீட்க முடியாது.’ டிக் இருந்தவர்களுடையதெல்லாம் புதியதில் பத்திரமாக இருந்தது. பழையதில் மட்டும் இருந்தது அவளுடையதுதான். அதுவும் எனக்குத் தெரியும். நான்தான் எல்லாவற்றையும் படிக்கிறவன் ஆயிற்றே.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போய்விட்டு வந்தாளாம். இப்போது நான் வேண்டுமென்றே அழித்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அழித்தேன். ஆனால் கோபத்தில் இல்லை. ‘ஆம்’ என்று அமுக்கியதும் அது இன்னொரு தடவை நிறுத்தி, ‘உறுதியாக இருக்கிறீர்களா?’ என்று கேட்டது. ‘இருக்கிறாயா’ இல்லை, ‘இருக்கிறீர்களா’. அவ்வளவு மரியாதையாகக் கேட்பவர்களுக்கு ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு மனசு வராது.