நின்றால் யார் தள்ளுவது?

உரும்பிராய்ச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசை. எனக்கு முன்னால் நின்ற பெண், பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவனைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடை ஒழுங்கைக்குள்ளை ஏன் தம்பி உப்பிடிப் பறக்கிறீர்? என்ரை சின்னவள் படலையைத் திறந்தால் காலடியிலை உம்மடை வான்."

"அக்கா, பெற்றோல் எங்கை இருக்கு? மண்ணெண்ணெயிலை ஓடுறது, மெதுவாய் விட்டால் நிண்டுபோம். பிறகு ஆர் தள்ளுறது? உள்ளுக்கை இருக்கிறதுகள் எல்லாம் ரெண்டாம் வகுப்பு."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, என் கையாலேயே உழைத்து இரண்டு லொறி வாங்கியவன் நான் சொல்கிறேன், அவன் சொன்னது சரி.

"நீர் மெதுவாய் வாரும். நிண்டால் நான் தள்ளுறன்," என்றார் அந்தப் பெண்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். என்ரை மனுசனையும் கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்ப நாளைக்கு ஏழு மணிக்குச் சீலையை வரிஞ்சு கட்டிக்கொண்டு படலையிலை நில்லுங்கோ, அக்கா. மெதுவாய்த்தான் வருவன்."