வெங்கடபதி கண்ணயரக் கூடாது

எனக்கு எலிகளை ரொம்பப் பிடிக்கும், ரேஞ்சர் சார். கோயம்புத்தூரில் ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளை எலிகளுக்குத் தீனி வைப்பதுதான் என் வேலை. ஓர் எலி புதிதாக இன்னொன்றைச் சந்தித்துவிட்டுத் தூங்கினால், மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அந்தச் சந்திப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். நினைவு அப்படித்தான் கெட்டிப்படுகிறது. அந்த ஓட்டத்தைக் குலைத்துவிட்டால், மறுநாள் பழகிய எலியையே யாரோ என்று மோந்து பார்க்கும்.

போன ஞாயிறு காங்கேயத்தில் என் தங்கை லோகப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்குத் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியம்மா சென்னியம்மாளின் கையைப் பிடித்து, "உங்க ஊட்டுக்காரரு போன துக்கத்துலயும் வந்திருக்கீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு," என்று உருக்கமாகச் சொன்னேன்.

பக்கத்து இலையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏனுங்க அம்மணி, நான் எங்கீங்க போனேன்?"

அவர்தான் வெங்கடபதி, அந்த அம்மாளின் கணவர். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். போன மாதம் இறந்தது அவருடைய தம்பியாம்.

சாப்பிட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அவர் தூங்கினால் நான் சொன்னது மூளையில் கெட்டிப்பட்டுவிடும் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தங்கையின் வாழ்க்கை, சார்.

முதலில் வெற்றிலைத் தட்டை நீட்டி எழுப்பினேன். அடுத்து மோர். பிறகு ஒரு பித்தளைத் தாம்பாளம் என் கையிலிருந்து தவறி விழுந்தது. மூன்று முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் "செரிங்க அம்மணி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். தங்கமான மனுஷன். குறட்டை கிளம்பியது. நான் பதறவில்லை. அவர் காதருகே குனிந்து, "உங்க தோப்புல ஆனை பூந்திருச்சுங்க. அஞ்சு ஆனைங்க," என்றேன்.

ஐந்து என்றது கொஞ்சம் அதிகம்தான்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளை உட்பட நாற்பது பேர் இரண்டு வேனில் பறந்தார்கள். உங்கள் வனத்துறை ஆட்கள் ஜீப்பும் பட்டாசுமாக வந்து தோப்பை வளைத்தார்கள். உள்ளே ஒரு மயில் இருந்ததாம். இங்கே தட்டு மாற்றாமலே நிச்சயம் நின்றுபோனது. தங்கை இன்னும் என்னோடு பேசுவதில்லை.

யானையே இல்லை, சார். அதைக் கிளப்பிவிட்டது நான்தான். ஆனால் பலனைப் பாருங்கள். நேற்று மறுபடி நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வந்த வெங்கடபதி, வாசலில் என்னைக் கண்டதும் பத்தடி தள்ளி நின்று கும்பிட்டார்.

"வெங்கடபதிங்க. இன்னும் உசுரோடதான் இருக்கறனுங்க, அம்மணி," என்றார்.

முன்பின் பார்த்திராத ஆளிடம்தானே மனிதர்கள் இவ்வளவு விவரமாகத் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள்?