அடுப்படிச் சட்டம்

...நாடு எதுன்னே முடிவு பண்ணாம அந்த நாட்டுக்குச் சட்டம் எழுதுற ஆம்பளைங்கள எங்கயாச்சும் பாத்திருக்கியா சுலைஹா? இந்த வீட்டு முன் ரூமுல போய்ப் பாரு! எங்க வீட்டுக்காரரு, யாழ்ப்பாணத்து விநாசித்தம்பி ஐயா... போன வாரம் நீங்க குடிவந்ததும் உன் வீட்டுக்காரரும் போய் ஒக்காந்தாச்சு. வெளிய ஜப்பான்காரன் பூட்ஸ் சத்தம் கேட்டா சீட்டுக்கட்டப் பிரிச்சுப் போட்டுடுவாங்க. சத்தம் தேஞ்சதும் மறுபடியும் நாடு!

ஜப்பான்காரன் போயிடுவானாம். வெள்ளக்காரன் திரும்பி வந்தா நம்ம சட்டத்த எடுத்து நீட்டணுமாம். எந்த நாட்டுச் சட்டம்னுதான் கேட்டேன்... அவ்ளோதான் லா! எங்காளு இந்தியாங்கறாரு. ஐயா இலங்கைங்கறாரு. உங்காளு மட்டும், "நாம நிக்கிறது பினாங்குல, புள்ளைங்க பொறந்ததும் இங்கதானே"ன்னாரு. அதுக்கு ஒரு சண்ட! கடைசில நாட்டுப் பேரு எழுதுற எடத்த வெறுமனே விட்டுட்டாங்க. பொறக்காத புள்ளைக்கு அரைஞாண் அளவெடுக்கிற மாதிரி!

நீ என்ன, வாயே தொறக்க மாட்டேங்கற? புது எடம்... கூச்சம். போகப் போகப் பழகிடும். அந்தக் கிழங்குச் சட்டிய இப்படி வையி. வடிவக்கா எறக்குனதும் என் முறை, அப்புறம் உன்னுது. என் பொண்ணு குளிர்காய்ச்சல்ல சுருண்டு கெடந்தவ, இன்னிக்குத்தான் "அம்மா, கஞ்சி"ன்னா. மரவள்ளிக் கிழங்கையே தின்னு தின்னு, கஞ்சிங்கற சொல்லே காதுக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா... இந்த ஒரு பிடி அரிசிய இதுக்குன்னே ஒளிச்சு வெச்சிருந்தேன்.

எங்க விட்டேன்? ஆங்... பேர விட்டாங்களா, அடுத்த வரி வரல! தண்ணி குடிக்க வந்த எங்காளு இங்க அப்படியே நின்னுட்டாரு. "அஞ்சு குடும்பம், ஒரே அடுப்பு, எப்படி நவமணி அடிச்சுக்காம இருக்கீங்க?"ன்னாரு. நான்தான் சொன்னேன். அடுப்பு பொது, சட்டி அவங்கவங்களுது. அடுப்படிக்குப் பெரியவ மாத்தி மாத்தி வருவா, ஒருத்தியே ராணியா ஒக்காந்துக்க முடியாது. மறுநாளே அது நாட்டுச் சட்டமாயிடுச்சு! அடுப்புன்னு இருந்த எடத்துல நாடு, சட்டின்னு இருந்த எடத்துல மதம். அவ்ளோதான் அவங்க எழுதுனது! சரி, பொம்பளைக்கு ஓட்டு உண்டான்னேன். "அதை ஆறுதலாப் பேசுவம்"ங்கறாரு ஐயா! அவங்க ஊருல ஆறுதலான்னா மெதுவா!

ஒரு விதி மட்டும் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வெறகு கெடைக்காத காலத்துல இந்த வடிவக்கா ஊர்க்கதை பேசியே நெருப்ப வீணாக்குவா... கேக்கட்டுமே, மொகத்துக்கு நேராத்தான் சொல்றேன்! அதுக்காகவே வெச்சேன். முறை வந்தப்ப பேசிக்கிட்டு நின்னா முறை போச்சு, கடைசிக்குப் போகணும். சட்டி ஏறுனப்புறம் சட்டிக்காரி பேசுனா சட்டி எறங்கணும். ஐயா அத அவங்க முன் ரூமு சபைக்கும் வெச்சாரு. மொத நாளே அவரு முறைதான் போச்சு!

என்ன வடிவக்கா சிரிக்கிற? நீ எப்ப எறக்குன? அப்ப என் முறை... போச்சா? ஐயோ, இவகிட்ட ரெண்டு வார்த்தைதானே பேசுனேன்! கடைசில சாம்பல்தானே மிஞ்சும், புள்ளைக்குக் கஞ்சி... என்னது, சட்டம்னா சட்டமா? எனக்கேவா!

சுலைஹா, நீயாச்சும் சொல்லேன்... எங்க அவ? ஓ. அடுத்த முறை உன்னுதுல்ல. அதான் இவ்ளோ நேரமும் வாயத் தொறக்கலையா! நான் கூச்சம்னு நெனச்சேன் பாரு... வையிம்மா, வையி. உன் கிழங்க வையி.

ஏய்... கிழங்கு கீழயே இருக்கே? அடுப்புல ஏறுனது என் சட்டி லா! வடிவக்கா, தன் முறைய அடுத்தவளுக்குக் குடுக்கலாம்னு நாம விதி வெச்சோமா? வெக்கலையே... ஏங்க! முன் ரூமுல கேக்குதா? இன்னொரு வரி எழுதிக்குங்க...

என்ன சுலைஹா, ஒதட்டுல வெரல வைக்கற?

...ஆமால்ல. ஏறியிருக்கறது என் சட்டி.

சரி. பேசல.