தைக்கப்பட்ட பாராசூட்டும் தலைவரின் இடுப்பு வலியும்

காற்றுக்கு முதுகைக் காட்டி, கறுப்புக் கண்ணாடிக்குள் கண்ணை ஒளித்து, கம்பீரமாக வீற்றிருக்கும் நம் பாட்டில் தொழிற்சாலையின் பொது மேலாளர், நம் மனமகிழ் மன்றத்தின் நிரந்தரத் தலைவர் அவர்களே! பேச்சை முடிக்கச் சொல்லி மணியடிக்கவே பிறவியெடுத்த பொருளாளர் அவர்களே! நாற்காலிகளெல்லாம் மேடையேறிவிட்டதால் மணலையே மஞ்சமாக்கி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! ஒரு கையில் குடை, மறு கையில் குழந்தை, காதை மட்டும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே! உலையிலும் பேக்கிங்கிலும் என்னோடு உழைக்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும், அதோ அலையில் ஆடிக்கொண்டிருக்கும் அந்த மோட்டார் படகுக்கும் என் வணக்கம்.

‘பாராசெய்லிங் ஓர் அறிமுகம்’ என்று தலைப்புக் கொடுத்து, சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். இப்போது பொருளாளரே என் காதருகே வந்து, “நல்லா இழுத்துப் பேசுங்க, தையல் இன்னும் பிரிச்சு முடியல” என்கிறார். என்னை இழுத்துப் பேசச் சொன்ன முதல் மனிதர் உலகத்திலேயே இவராகத்தான் இருப்பார். என்ன தையல், எதற்குத் தையல்? சொல்கிறேன். அதற்கு முன் தலைப்புக்கு நியாயம் செய்துவிடுகிறேன்.

பாராசெய்லிங் என்றால் என்ன? படகின் பின்னால் ஒரு நீளக் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு பாராசூட். அதன் கீழே, இடுப்பிலும் தொடையிலும் பட்டை மாட்டி, உயிர்காப்புச் சட்டை அணிந்து, நீங்கள். படகு விரைந்தால் பாராசூட் காற்றை வாங்கி விரியும். கயிறு நீள நீளப் படகின் தளத்திலிருந்து நீங்கள் எழுவீர்கள். கயிற்றைச் சுற்றினால் அதே தளத்தில் வந்து இறங்குவீர்கள். இதற்குப் படிப்பு வேண்டுமா? வேண்டாம். பட்டம் வேண்டுமா? வேண்டாம். பாடுபட வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இழுப்பதெல்லாம் படகு, தூக்குவதெல்லாம் காற்று, பெயர் மட்டும் பறந்தவருக்கு!

யாரது சிரிப்பது? பேக்கிங் பகுதியா? நான் யாரையும் குறிப்பிடவில்லை ஐயா. தலைவர் அவர்களே, இவர்கள் ஏன் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

இந்த முதல் பயணம் யாருக்கு என்று மன்றத்தில் குலுக்கல் போட்டோம். சீட்டை எடுத்தவர் தலைவர். வந்த பெயர் நம் கேன்டீன் அக்காவுடையது. அவர் கையால் சாப்பிடாதவர் இங்கே யார்? இன்றைய விழாச் சமையலும் அவருடையதுதான். அன்று கரண்டியும் கையுமாக ஓடி வந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “இத்தன வருஷமா அடுப்புப் புகை மேல போறதத்தான் அண்ணாந்து பாத்துட்டு இருக்கேன். ஒரு தடவ நானும் மேல போய்ப் பாக்குறேன்.”

அடுத்த கூட்டத்திலேயே கமிட்டி விழித்துக்கொண்டது. தொடக்க விழா என்றால் தலைவரல்லவா முதலில் பறக்க வேண்டும்? படம் எடுத்தால் தலைவரல்லவா அதில் தெரிய வேண்டும்? அக்காவின் பெயர் போயிற்று. “ஏன் சார், சீட்டு எனக்குத்தான விழுந்துச்சு?” என்று எழுந்து கேட்டார் அக்கா. “கமிட்டி முடிவு, அக்கா. உக்காருங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார் பொருளாளர். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

நேற்று, அந்தப் படகை ஓட்டும் அம்மாவிடமிருந்து வாடகைப் பாராசூட் வந்து சேர்ந்தது. தலைவர் தொங்கப்போகும் பாராசூட் அல்லவா? பொருளாளர் அதை மன்றக் கூடத்தில் விரித்துப்போட்டு, முழங்காலிட்டு, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். துணியில் ஓட்டை! ஒன்றல்ல, வரிசை வரிசையாக! “கிழிசலக் குடுத்து நம்மள ஏமாத்தப் பாக்குறாங்க” என்று கொதித்தார். நம் சீருடை தைக்கும் தையற்காரரை வரவழைத்தார். ஓட்டை ஓட்டையாக இரட்டைத் தையல்! விசுவாசத்துக்கு ஒரு நூல்கண்டு போதாமல், இன்னொன்றும் வாங்கி வரச் சொன்னார்.

இன்று காலை மணல் மூட்டையைக் கட்டி வெள்ளோட்டம் விட்டார்கள். பார்த்தீர்களே! மூட்டை மேலே போனதா? போனது. போய் நின்றதா? இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, கிறுகிறுவென்று சுற்றியது, தலைகுப்புறக் கடலில் விழுந்தது. படகோட்டும் அம்மா கரைக்கு வந்து துணியைப் புரட்டிப் பார்த்தார். “யாருங்க இதத் தச்சது?” நம் பொருளாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நான்தாம்மா. நன்றியெல்லாம் எதுக்கு, விடுங்க” என்றார்! அதன்பிறகு அந்த அம்மா பேசியதைத் தாய்மார்கள் முன்னிலையில் என்னால் சொல்ல முடியாது.

அன்பர்களே, அவை கிழிசல்கள் அல்ல. காற்றுக்கு வைத்த வாசல்கள். புகுந்த காற்றில் கொஞ்சம் ஒழுங்காக வெளியேறினால்தான் பாராசூட் நிலையாக நிற்கும். வாசலை அடைத்தால், அடைபட்ட காற்று தனக்குத் தோன்றிய பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். கீழே தொங்குவது மூட்டையா, மேலாளரா என்று அது பார்ப்பதில்லை.

மணியடிக்காதீர்கள் பொருளாளரே! இழுத்துப் பேசச் சொன்னவர் நீங்கள்.

விஷயம் தெரிந்ததும் தலைவருக்குத் திடீரென்று இடுப்பு வலி. “ஓட்டையோடவா பறக்கச் சொல்றீங்க? காத்தும் சரியில்ல, விழாவ ஒத்திவைங்க” என்று சற்றுமுன் முணுமுணுத்தார். முணுமுணுத்தது மைக்கில் விழுந்து உங்கள் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. ஒத்திவைப்பதா? படகு மாலையில் வேறு கரைக்குப் போகிறது. படகோட்டும் அம்மா, அடுத்த ஆண்டு வருவீர்களா? “உங்ககிட்டயா? கும்புடு போட்டுட்டேன்!” என்று அங்கிருந்தே கத்துகிறார். ஆக, இன்று இல்லையென்றால் அக்காவுக்கு என்றும் இல்லை.

தலைவருக்கு இடுப்பு வலித்தால் விழாவுக்கே ஓய்வா? அக்கா காய்ச்சலோடு நின்ற நாளில் அடுப்பு ஒத்திவைக்கப்பட்டதா? அக்காவின் கை வெந்த நாளில் நம் பசி ஒத்திவைக்கப்பட்டதா? எனக்குக் கோபம் வருகிறது தோழர்களே, மறைக்க மாட்டேன்! துணியில் ஓட்டை கண்டால் தைக்கிறீர்கள், கூட்டத்தில் கேள்வி எழுந்தால் உட்கார வைக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே ஊசிதான்! கேள்வி நுழைய வாசல் இல்லாத மன்றம் எவ்வளவு உயரம் போனாலும், மூட்டை விழுந்த இடத்தில்தான் விழும்!

கைதட்டல் இருக்கட்டும். அங்கே எழுந்து நிற்பது யார், கேன்டீன் அக்காவின் வீட்டுக்காரரா? சொல்லுங்கள் மாமா.

“அவ பயப்படுவாப்பா, விட்டுடு.”

பின்னாலிருந்து அக்காவே பதில் சொல்கிறார், கேளுங்கள்.

“பயம்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா? இந்தாங்க, பர்ஸப் புடிங்க.”

மாமா உட்கார்ந்துவிட்டார். புத்திசாலி.

அதோ, அதோ பாருங்கள்! தையல் பிரித்தாயிற்று. மணல் மூட்டை மறுபடி ஏறுகிறது. சாய்கிறதா? இல்லை. சுற்றுகிறதா? இல்லை. சமர்த்தாக நிற்கிறது. “காத்து நல்லாருக்கு, ஆள அனுப்புங்க!” என்கிறார் படகோட்டும் அம்மா.

தலைவர் அவர்களே, சீட்டை எடுத்த கை உங்களுடையது, பெயரை வாசித்த வாய் உங்களுடையது. அக்கா போகலாமா? எங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்லுங்கள்.

“சரி, போகட்டும்... ஆனா போட்டோவுல நான் இருக்கணும்.”

தாராளமாக! கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், படம் பிரமாதமாக விழும்.

வழிவிடுங்கள், அக்கா வருகிறார்! ஏப்ரனைக் கழற்றுகிறார். அடடா, அதைப் பொருளாளர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்! பட்டை மாட்டுகிறார்கள். இழுத்துப் பார்த்துச் சரி செய்கிறார்கள். படகு புறப்பட்டுவிட்டது. கயிறு நீள்கிறது. கால் தளத்தை விட்டது. எழுந்தார், எழுந்தார், நம் அக்கா எழுந்துவிட்டார்! அது என்ன சத்தம், அழுகிறாரா? இல்லை மாமா, பயப்படாதீர்கள். சிரிக்கிறார்.

முடிக்கிறேன். வாசல்களைத் திறந்துவிட்ட கத்தரிக்கோலுக்கு நன்றி. பேச நேரம் வாங்கித் தந்த இரட்டைத் தையலுக்கு நன்றி. எழுந்து கேட்ட அந்தக் கேள்விக்கு என் தலை தாழ்ந்த நன்றி. கடைசியாக ஓர் அறிவிப்பு. இன்று மதியச் சாப்பாடு தாமதமாகும். சமைப்பவர் மேலே இருக்கிறார். பசி பொறுக்காதவர்கள் பொருளாளரை அணுகவும், ஏப்ரன் அவரிடம்தான் இருக்கிறது. வணக்கம்!