மன்னித்த பிறகு

காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. காவல் நிலையத்தில் இவ்வளவு திக்கான காப்பி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஹெல்சிங்கியிலிருந்து வந்தவர். எங்கள் வடக்குச் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களில் ஒருவன் தன் பாவத்தை இன்னொருவனிடம் அறிக்கையிட்டால், கேட்டவன் அவன் தோளில் கைவைத்து, இயேசுவின் இரத்தத்தினாலே உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்த வார்த்தை கிடைக்காமல் செத்தவனுக்கு நரகம்தான். பதினேழு வருஷமாக இதைப் பிரசங்கித்தவன் நான்.

என்ஸியோவும் எங்கள் சபைதான், என் பக்கத்து வீட்டுக்காரன். குடித்துவிட்டு, உறைந்த ஆற்றின் மேல் பனிவண்டியை ஓட்டி வந்து என் மகள் ஹெல்வியின் மேல் ஏற்றிக் கொன்றான். அவளுக்கு ஒன்பது வயது. கோர்ட்டு எட்டு மாதம் கொடுத்தது. திரும்பி வந்தவன் ஜெபவீட்டில் கடைசி பெஞ்சில் உட்காருவான், என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு வருஷம் என்னிடம் வரவே இல்லை.

வெறும் ஆத்திரமாக இருந்தால் அப்போதே கொன்றிருப்பேன். அந்த இரண்டு வருஷமும் ஊரோடு போன கடமான் வேட்டையில் அவன் எனக்கு இருபது அடி முன்னால் நடந்தான், என் கையில் துப்பாக்கி இருந்தது. மன்னிப்புக் கேட்காமல் செத்தால் அவன் ஆத்துமா என்ன ஆகும்? ஒரு பிள்ளையின் உயிருக்காக ஒருவனை நித்தியத்துக்கும் எரியவிடுவது அநியாயம். நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை.

என் மனைவி லெம்பி அவனை எப்போதோ மன்னித்துவிட்டாள். "நீங்களே போயி அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டு வாங்களேன். அவன் நம்ம வாசலுக்கு வரவே பயந்து சாகறான்" என்றாள். அவனாகக் கேட்கட்டும் என்றேன். கேட்க வேண்டுமே என்று ஞாயிறுதோறும் அவனுக்காக ஜெபித்தேன்.

போன புதன்கிழமை மதியம், குளியல் குடிலுக்குப் பின்னால் நான் விறகு பிளந்துகொண்டிருந்தபோது வந்தான். தொப்பியைக் கசக்கிக்கொண்டே முழங்காலில் விழுந்தான்.

"அண்ணே, உங்க பொண்ணக் கொன்னுட்டேன். என்னை மன்னிப்பீங்களா?"

தோளில் கைவைத்து அந்த வார்த்தையைச் சொன்னேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம். இரண்டு வருஷத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை, அவன் ஆத்துமா தப்பிவிட்டது. மறுபடி குடித்து அவன் அதைக் கெடுத்துக்கொள்வதற்குள் நீதியை முடித்துவிட வேண்டும் அல்லவா? கோடரியை எடுத்தேன்.

"மன்னிச்சுட்டேன்னு சொன்னீங்களே அண்ணே" என்றான்.

"ஆமா தம்பி. அது ஆத்துமாவுக்கு."

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்யவில்லை. ஒரு உயிருக்கு ஒரு உயிர், அதற்கு ஒரே வெட்டு. அதற்கு மேல் போனால் அது பழிவாங்கல், பழிவாங்குதல் கர்த்தருடைய வேலை. பத்தொன்பது வெட்டு என்று டாக்டர் எழுதியிருப்பதும், முகமே இல்லாத இந்தப் போட்டோவும் என் வேலையில்லை. எனக்குப் பிறகு வேறு யாரோ வந்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் லெம்பியைக் கேளுங்கள். முதலிலிருந்து கடைசிவரை என் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.