அரைக்கட்டை

இன்சுக்: மூடியைத் திறந்து குடிங்கக்கா. ஆறிடும்.

ஹேரன்: பேரிக்காய்க் கஷாயமா? யார் குடுத்தது?

இன்சுக்: உங்க சேபொம். வகுப்பு வாசல்ல வெச்சுட்டு ஓடிட்டா.

ஹேரன்: திருப்பிக் குடு. மாணவி கையால பேராசிரியை ஒரு காப்பிகூட வாங்கக் கூடாது. சட்டம் தெரியும்ல?

இன்சுக்: நீங்க எங்க வாங்கினீங்க? பியானோக்காரி வாங்கினேன். பியானோக்காரி தரேன்.

ஹேரன்: வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ.

இன்சுக்: குடிங்க. இன்னைக்கு எத்தனை பேர்?

ஹேரன்: ஏழு.

இன்சுக்: ஏழு பேருக்கும் பாடிக் காட்டினீங்களா?

ஹேரன்: வேற என்ன பண்றது? சொல்லிக் குடுத்தா மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுதுங்க. பாடிக் காட்டினாத்தான் புரியுது.

இன்சுக்: டாக்டர் என்ன சொன்னாரு?

ஹேரன்: அவரு எல்லாப் பாடகிக்கும் அதையேதான் சொல்றாரு.

இன்சுக்: எல்லார் குரல்நாண்லயும் தழும்பு இல்லை. ஒண்ணு மேடை, இல்லேன்னா வகுப்பு... ரெண்டுல ஒண்ணை விடுங்கன்னாரு. நானும்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்.

ஹேரன்: மேடை ஏறாத வருஷம் பல்கலைக்கழகத்துல புள்ளி குறைக்கிறான். வகுப்பை விட்டா, இந்தத் தேகு ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு ஓபரா. அதுலயும் ஐம்பத்து மூணு வயசுக்காரிக்கு என்ன வேஷம் தருவான்? எதை விடச் சொல்றே?

இன்சுக்: நான் எதையும் சொல்லலை.

ஹேரன்: அப்ப வாசி.

இன்சுக்: நாளைக்கு வாத்தியக்குழுவோட முதல் ஒத்திகை.

ஹேரன்: தெரியும்.

இன்சுக்: இதுவரைக்கும் மத்த பாடகர்களோட ஒத்திகையில எல்லாம்... முணுமுணுன்னு பாடிட்டுதானே வந்தீங்க?

ஹேரன்: குரலைச் சேமிக்க எல்லாரும் அப்படித்தான் பாடறாங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

இன்சுக்: நாளைக்கு முழுக்குரல் கேப்பாங்க.

ஹேரன்: அதான் உன்கிட்ட தினமும் முழுக்குரல்ல பாடறேனே. நேத்து அந்த மேல் சுரம் எப்படி வந்தது? கண்ணாடி மாதிரி இருந்துச்சுன்னு நீதானே சொன்னே.

இன்சுக்: சொன்னேன்.

ஹேரன்: பொய்யா?

இன்சுக்: பொய் இல்லை.

ஹேரன்: பிறகென்ன? ரெண்டாம் அங்கம். அந்த விதவை படகுல ஏறுற இடத்துலேருந்து வாசி.

இன்சுக்: அக்கா...

ஹேரன்: என்ன, விரல் மரத்துப் போச்சா?

இன்சுக்: நாளைக்குப் போகாதீங்க.

ஹேரன்: ஏன்?

இன்சுக்: சளின்னு சொல்லிடுங்க. உங்களுக்கு மாத்துப் பாடகி ஒருத்தி சியோல்லேருந்து வந்து காத்துக்கிட்டிருக்காளே.

ஹேரன்: இருபத்திரண்டு வருஷமா எனக்கு வாசிக்கிறே. ஒரு தடவைகூட இப்படிச் சொன்னதில்லை.

இன்சுக்: அத்தனை பேருக்கு முன்னாடி... அந்தச் சுரத்துல... உங்க குரல் உடையறதை நான் கேக்க முடியாது.

ஹேரன்: நேத்து உடையலையே.

இன்சுக்: நேத்து நான்...

ஹேரன்: சொல்லு.

இன்சுக்: சுருதியை அரைக்கட்டை இறக்கி வாசிச்சேன்.

ஹேரன்: நேத்து மட்டுமா?

இன்சுக்: நேத்து மட்டும் இல்லை. மார்ச்சுல ஒரு நாள் அந்த இடத்துல நின்னுட்டீங்க. குரலே வரலை. ஜன்னலைப் பாத்துட்டு, பாலைவனத்துலேருந்து வர்ற மஞ்சள் தூசி தொண்டையை அடைக்குதுன்னீங்க. வெளியே தூசிதான்... ஆனா அது தூசி இல்லை. மறுநாளே இறக்கிட்டேன். வீட்ல உக்காந்து முழுப் பாட்டையும் புதுசாப் பழகினேன். சொல்லிடணும்னுதான் வந்தேன். நீங்க அந்த மேல் சுரத்தைத் தொட்டு இறங்கினதும் சிரிச்சீங்க. எனக்கு வாய் வரலை.

ஹேரன்: ம்.

இன்சுக்: நாளைக்கு அவங்க இறக்கி வாசிக்க மாட்டாங்கக்கா. திட்டணும்னா திட்டுங்க.

ஹேரன்: எதுக்குத் திட்டணும்?

இன்சுக்: ஆறு மாசமா ஏமாத்தியிருக்கேன்.

ஹேரன்: அந்தக் கஷாயம் இன்னும் இருக்கா?

இன்சுக்: பேச்சை மாத்தாதீங்க. நாளைக்கு...

ஹேரன்: நாளைக்கு நான் போகலை. போன திங்கட்கிழமையே போன் பண்ணி விலகிட்டேன். அந்தச் சியோல் பொண்ணுதான் பாடப் போறா.

இன்சுக்: போன திங்களா? பத்து நாளாச்சே... அப்புறம் எதுக்கு தினமும் வந்து இதையே பாடறீங்க? தொண்டையைக் கெடுத்துக்கிட்டு...

ஹேரன்: அரைக்கட்டை இறங்கினா என் தொண்டைக்குத் தெரியாதா, இன்சுக்? மொத நாளே தெரியும். தெரியும்னு சொல்லியிருந்தா நீ பழையபடி ஏத்தி வாசிச்சிருப்பே... வாசி. நேத்து மாதிரியே வாசி.